பாரிஸிலிருந்து சோன் நதிக்கு: சொந்தப் படகுக்கு ஏற்ற கால்வாய் வழி எது?

இங்கிலாந்திலோ நெதர்லாந்திலோ சொந்தப் படகு வைத்திருப்பவர் அதை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோக விரும்பினால், பிஸ்கே வளைகுடாவையும் ஜிப்ரால்டரையும் சுற்றிச் செல்லும் கடல் வழியை விட்டுவிட்டு, பிரான்ஸ் நாட்டின் ஆறுகள், கால்வாய்கள் ஊடாகவே தெற்கே இறங்கிவிடலாம். செய்ன் நதியில் ஏறிப் பாரிஸ் வந்து, சில நாட்கள் தங்கி, அங்கிருந்து நாட்டின் நடுமேட்டைக் கால்வாய் வழியாகக் கடந்து சோன் நதியில் இறங்கி, லியோனில் ரோன் நதியைப் பிடித்துக் கடலைச் சேர்வது இந்தப் பயணத்தின் பொதுவான அமைப்பு. லியோனுக்குத் தெற்கே வேறு வழி கிடையாது. பாரிஸுக்கும் சோனுக்கும் இடையில்தான் நான்கு வழிகள் உள்ளன. லுவாங், பிரியார், லுவார் பக்கக் கால்வாய், சாந்த்ர் கால்வாய் ஆகியவை சேர்ந்த பூர்பொனே வழி ஒன்று. யோன் நதியும் பர்கண்டிக் கால்வாயும் சேர்ந்தது இரண்டாவது. மார்ன் நதியும் ஷாம்பேன்–பர்கண்டிக் கால்வாயும் சேர்ந்தது மூன்றாவது. யோன் நதியில் படகு போகக்கூடிய பகுதியின் மேல்முனையிலிருந்து தொடங்கும் நிவெர்னே கால்வாய் நான்காவது. இவற்றில் எதைத் தேர்வது என்பது பாரிஸில் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டிய காரியம். பெரும்பாலோர் அந்த முடிவைத் தூரத்தை வைத்தோ அழகை வைத்தோ எடுத்துவிடுகிறார்கள். படகின் உயரத்தையும் அந்த ஆண்டின் நீர் இருப்பையும் வைத்து எடுப்பதே சரி என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் லாக் என்பதைப் பற்றி ஒரு சொல். நீர்ப்பூட்டு என்று தமிழில் எழுதுவதுண்டு. ஆனால் பக்கிங்காம் கால்வாயில் படகுகள் ஓடிய சென்னையில் லாக் என்ற சொல்லே மக்களிடம் வழங்கியது என்பதால் அதையே பயன்படுத்துகிறேன். இரு பக்கமும் கதவுள்ள ஒரு தொட்டிக்குள் படகை நிறுத்தி, மேல்மட்ட நீரை உள்ளே விட்டு உயர்த்துவதும், உள்ளிருக்கும் நீரைக் கீழே விட்டு இறக்குவதும் அதன் வேலை. பிரான்ஸில் 1879ஆம் ஆண்டு ஃபிரெய்சினே என்ற அமைச்சரின் சட்டம் கால்வாய்களுக்கு ஒரே அளவை வகுத்தது, அதன்படி 38.5 மீட்டர் நீளமும் 5.05 மீட்டர் அகலமும் கொண்ட சரக்குப் படகு எந்த லாக்கிலும் நுழைய முடிய வேண்டும். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள குடும்பப் படகுக்கு இந்த அளவு தாராளம். ஆகவே நீள அகலத்தில் இந்த வழிகளுக்கிடையே நமக்கு வேறுபாடு இல்லை. லாக்குகளின் எண்ணிக்கையிலும், பாலங்களுக்கும் சுரங்கங்களுக்கும் அடியில் கிடைக்கும் உயரத்திலும், நீரின் ஆழத்திலுமே வேறுபாடு இருக்கிறது.

சோன் நதிக்கரையில் உள்ள ஷலோன் ஊரைப் பொது முடிவிடமாக வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பூர்பொனே வழியில் செய்ன் நதியில் ஏறத்தாழ 87 கி.மீ., பிறகு கால்வாய்களில் ஏறத்தாழ 410 கி.மீ.; லாக்குகள் மொத்தம் 160க்குச் சற்றுக் குறைவு. பர்கண்டி வழியில் செய்ன், யோன், சோன் ஆகிய மூன்று ஆறுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 260 கி.மீ., கால்வாயில் 242 கி.மீ.; லாக்குகள் 215ஐ ஒட்டி வரும், அவற்றுள் கால்வாயில் மட்டும் 189. ஷாம்பேன் வழியில் மார்னிலும் சோனிலும் ஏறத்தாழ 290 கி.மீ., கால்வாய்களில் ஏறத்தாழ அதே அளவு. லாக்குகள் 150 அளவில். கால்வாயில் மணிக்கு 6 கி.மீ., ஆற்றில் 10 கி.மீ., ஒரு லாக்குக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக் கூட்டினால் பூர்பொனேக்கு 117 மணி, பர்கண்டிக்கு 120 மணி, ஷாம்பேனுக்கு 115 மணி என்று வருகிறது. தூரத்தில் 500 கி.மீ.க்கும் 580 கி.மீ.க்கும் இடையே உள்ள வேறுபாட்டை லாக்குகள் சரிக்கட்டிவிடுகின்றன. நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் மூன்றுமே இருபது நாட்களை ஒட்டி நிற்கும். நிவெர்னே வழி மட்டும் 135 மணி அளவுக்குப் போய், இரண்டு மூன்று நாட்கள் கூடுதலாகக் கேட்கும். ஆற்றின் எதிரோட்டம், மதிய உணவு வேளையில் மூடிக்கிடக்கும் லாக், முன்னால் காத்திருக்கும் படகு ஆகியவை இந்தக் கணக்கை இரண்டு நாட்கள் முன்பின்னாக்கலாம். ஆனால் எந்த வழி விரைவானது என்ற கேள்வியை முதலில் வைத்துக்கொண்டு வரைபடத்தை அளப்பதில் பயனில்லை என்பதை இது தெளிவாகவே காட்டுகிறது.

நேரம் முடிவைத் தராதபோது படகுதான் தர வேண்டும். தரைமட்டத்திலிருந்து படகின் உச்சியை அளக்காமல், நீர்மட்டத்திலிருந்து மிக உயர்ந்த புள்ளி வரை, எரிபொருளும் குடிநீரும் குறைந்து தொட்டிகள் ஏறத்தாழக் காலியாக இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். தொட்டிகள் காலியாகும்போது படகு உயரும் என்பதை மறந்தவர்கள் சுரங்கத்தின் வாயிலில்தான் நினைவுகூர்கிறார்கள். பாய்மரப் படகாக இருந்தால் மரத்தைக் கழற்றித் தளத்தின்மேல் கிடத்தியிருப்பார்கள். அதைத் தாங்கும் சட்டத்தின் உயரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த அளவு மூன்று மீட்டருக்குள் இருந்தால் பர்கண்டி திறந்திருக்கிறது. அந்தக் கால்வாயின் உச்சியில் பூயி என்னும் ஊரில் 3,333 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று உண்டு; வளைந்த கூரையானதால் நடுவில் உயரம் இருந்தாலும் ஓரங்களில் 3.1 மீட்டர்தான் கிடைக்கும். ஓட்டுநர் அறை உயர்ந்த டச்சு எஃகுப் படகுகள் பல இந்த இடத்தில் தேறுவதில்லை. பூர்பொனே, ஷாம்பேன் வழிகள் இரண்டிலும் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் கிடைக்கிறது. நிவெர்னேயில் சில பாலங்களின் அடியில் 2.7 மீட்டர் மட்டுமே. அடிப்பகுதி நீருக்குள் இறங்கும் ஆழத்திலும் இதே வரிசைதான்: பூர்பொனேயில் ஏட்டின்படி 1.8 மீட்டர் ஆழம் தாங்கும். பர்கண்டியில் அதைவிடக் குறைவு. நிவெர்னேயின் நடுப்பகுதியில் 1.2 மீட்டருக்கு மேல் இறங்கும் படகு போகவே கூடாது. கீல் எனப்படும் அடித்தகடு நீருக்குள் ஆழமாக இறங்கும் பாய்மரப் படகுக்காரர் இந்த ஒரு பத்தியோடு தேர்வை முடித்துக்கொள்ளலாம். அவருக்குப் பூர்பொனே, அல்லது ஷாம்பேன்.

அடுத்தது நீர். மலைமேட்டைக் கடக்கும் கால்வாய்க்கு உச்சியில் ஓர் உயர்மட்டப் பகுதி உண்டு. அங்கிருந்து இரு பக்கமும் லாக்குகள் படிகளாக இறங்குகின்றன. 39 மீட்டர் நீளமும் 5.2 மீட்டர் அகலமும் 2.6 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு லாக்கை ஒரு தடவை நிரப்ப ஐந்து லட்சம் லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். ஒரு படகு ஏறி உச்சியை அடையும்போது உச்சிப் பகுதியிலிருந்து ஒரு லாக் அளவு நீர் ஒரு பக்கம் இறங்குகிறது; அதே படகு மறுபக்கம் இறங்கும்போது இன்னொரு லாக் அளவு நீர் போகிறது. ஆக, கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் ஒரு சிறு படகு மேட்டைக் கடந்தால் பத்து லட்சம் லிட்டர் நீர் இரு பள்ளத்தாக்குகளுக்குள்ளும் இறங்கிப் போய்விடுகிறது. உச்சியில் ஆறு கிடையாது. நீர் முழுவதும் ஏரிகளிலிருந்து வருகிறது. பர்கண்டிக் கால்வாய்க்கு குரோபுவா, ஷசிய்யி, பாந்தியே போன்ற நீர்த்தேக்கங்கள்; ஷாம்பேன் கால்வாய்க்கு லாங்க்ர் நகரைச் சுற்றிய நான்கு ஏரிகள்; பிரியார் கால்வாய்க்கு பூர்தோன் தேக்கம். ஏரி நிரம்பியதா, மதகை எப்போது திறப்பார்கள் என்று பார்த்துப் பயிரிட்ட ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மழை குறைந்த ஆண்டில், ஆகஸ்ட் மாதத்தில், முதலில் படகுகளைச் சேர்த்துக் கூட்டமாகத்தான் லாக்கில் விடுவார்கள். பிறகு அனுமதிக்கும் ஆழத்தைக் குறைப்பார்கள். கடைசியில் கால்வாயின் ஒரு பகுதியை மூடிவிடுவார்கள். 378 மீட்டர் உயரத்தில் பிரான்ஸின் மிக உயர்ந்த கால்வாய் உச்சியைக் கொண்ட பர்கண்டியும், 340 மீட்டரில் உச்சியுள்ள ஷாம்பேனும் இந்தத் துன்பத்துக்கு அடிக்கடி ஆளாகின்றன. பூர்பொனே வழியின் உச்சி 301 மீட்டர்தான். அதுவும் வறட்சிக்கு விலக்கானதல்ல, ஆனாலும் பெரும்பாலும் கடைசியாகக் கைவிடும் வழி அதுவே.

இங்கே பருவத்தையும் சொல்லிவிட வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்ப்புக்காகக் கால்வாய்களின் பல பகுதிகள் மாறி மாறி மூடப்படுகின்றன. குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் வசந்தத்திலும் செய்ன் பெருகுகிறது. ஜூன் மாதத்தில்கூடப் பெருகலாம் என்பதை 2016 காட்டியது. அப்போது பாரிஸில் ஆஸ்தர்லிட்ஸ் பாலத்தின் அளவுகோலில் நீர் ஆறு மீட்டரைத் தாண்டியது, லுவாங் நதிப் பள்ளத்தாக்கில் நெமூர் நகரத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. மே மாத நடுவில் பாரிஸை விட்டுக் கிளம்பி ஜூன் நடுவில் சோனை அடைவதே இரண்டு ஆபத்துகளுக்கும் இடைப்பட்ட நல்ல காலம். மே 1ஆம் தேதி எந்த லாக்கும் திறக்காது. பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 180 நாட்களில் 90 நாட்கள் மட்டுமே தங்கலாம் என்ற ஷெங்கன் (ஐரோப்பியப் பொது விசா மண்டலம்) வரம்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். லண்டன் தமிழர்கள் பலருக்கு இது வறட்சியைவிடக் கடுமையான கெடு.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நான் முதலில் வைப்பது பூர்பொனே வழியை. சென் மாமெஸ் என்ற பழைய சரக்குப் படகு ஊரில் செய்னை விட்டு லுவாங் கால்வாயில் திரும்பியதும் பெரிய ஆற்றின் பரபரப்பு அடங்கிவிடுகிறது. 49 கி.மீ. லுவாங் முடிந்ததும் பிரியார் கால்வாய் தொடங்குகிறது. நான்காம் ஹென்றி மன்னரின் காலத்தில் 1604இல் தொடங்கி 1642இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாய்தான், ஒரு நதிப்படுகையிலிருந்து மேடேறி இன்னொரு நதிப்படுகையில் இறங்கும் பிரான்ஸின் முதல் கால்வாய். ரொஞ்ஞி ஊரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு லாக்குகள் மலைப்படிபோல அடுக்கிக் கட்டப்பட்டன. 1887இல் பக்கத்திலேயே புதுத் தடம் போட்ட பிறகு அவை ஓய்வு பெற்று, கரையில் நின்று பார்ப்பதற்காக மட்டும் இருக்கின்றன. அந்த ஊரில் ஓர் இரவு படகைக் கட்டித் தங்காமல் போகக் கூடாது. அடுத்து பிரியார் நகரில், லுவார் நதிக்கு மேலாகவே 662 மீட்டர் நீளத்தில் எஃகுத் தொட்டிப் பாலம் ஒன்று கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதன் கல் தூண்களைக் கட்டியது ஈஃபெலின் நிறுவனம். 1896இல் அது திறக்கப்படும் வரை படகுகள் லுவார் நதியையே குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. வெள்ளத்திலும் வறட்சியிலும் அந்தக் கடப்பு நின்றுபோகும். இன்று பாலத்தின்மேல் படகை ஓட்டிக்கொண்டே கீழே மணல்திட்டுகளுக்கிடையே ஓடும் நதியைப் பார்க்கிறோம்.

அதன் பிறகு வரும் லுவார் பக்கக் கால்வாய்தான் இந்த வழிக்கு நான் முதலிடம் கொடுப்பதற்கான நடைமுறைக் காரணம். 196 கி.மீ. தூரத்துக்கு 37 லாக்குகள் மட்டும். கயிறு பிடிப்பவர் உட்கார்ந்து சாப்பிட முடியும். இருவர் மட்டும் இருக்கும் படகில், அவர்களுள் ஒருவருக்கு முழங்கால் வலியோ தோள்வலியோ இருந்தால், இந்த ஓய்வுக்கு எந்தக் காட்சியும் ஈடாகாது. நெவேர் நகருக்குக் கிளைக் கால்வாய் ஒன்றில் இறங்கிப் போய்வரலாம். சான்செர் குன்றின் அடிவாரத்தில் சென் சத்தூரில் நிறுத்தலாம். திகுவானில் தொடங்கும் சாந்த்ர் கால்வாயில் 112 கி.மீ.க்கு 61 லாக்குகள் மறுபடியும் நெருங்கி வருகின்றன. ஷலோனுக்கு அருகே உள்ள கடைசி லாக் பத்து மீட்டருக்கு மேல் ஆழமானது, ரோன் நதியின் பெரிய லாக்குகளுக்கு ஒரு முன்பயிற்சி என்றே அதைக் கொள்ளலாம். மோன்சோ நிலக்கரிச் சுரங்கப் பகுதி அழகானதல்ல. நாட்டுப்புறம் நெடுகிலும் சமமாக, அமைதியாக இருக்கிறது என்பதையும், பர்கண்டி அளவுக்கு மனத்தைப் பறிக்கும் இடங்கள் இடைவிடாமல் வருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பர்கண்டி அப்படியல்ல. மிஜென் ஊரில் யோன் நதியை விட்டு ஏறும்போதே கணக்கு வேறாகிறது. யோன் பக்கம் 113 லாக், சோன் பக்கம் 76. யோன் நதியின் லாக்குகள் பலவற்றின் பக்கச் சுவர்கள் நிமிர்ந்திராமல் சரிந்திருக்கும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். நீர் இறங்கும்போது படகின் பக்கம் அந்தச் சரிவின்மேல் அமர்ந்துவிடாதபடி ஒருவர் இயந்திரத்தோடும் இன்னொருவர் கோலோடும் நிற்க வேண்டும். கால்வாயில் தொன்னேர், தான்லே கோட்டை, ஆன்சி-லெ-ஃபிரான் கோட்டை, இயற்கை நூலறிஞர் புஃபோனின் ஊரான மோன்பார், அங்கிருந்து சைக்கிளில் போகக்கூடிய ஃபோந்தனே மடாலயம் என்று நாளுக்கொரு நிறுத்தம் கிடைக்கிறது. வெனாரேயிலிருந்து பூயி வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட லாக்குகள் அடுத்தடுத்து வரும். இந்தப் பகுதியில் லாக்காளர் நம் படகோடேயே வண்டியில் லாக்குக்கு லாக் தொடர்ந்து வந்து கதவு திறப்பது வழக்கம். நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று முன்னாளே சொல்லிவைக்க வேண்டும், நினைத்த நேரத்தில் ஆப்பிள் மரத்தடியில் கட்டிவிட்டு உறங்க முடியாது. மறுபுறத்தில், இரண்டு மூன்று நாட்கள் ஒரே மனிதரோடு வேலை செய்து, ஒரு பக்கக் கதவை நாமும் தள்ளி, அவருடைய ஊர்க்கதையைக் கேட்டுக்கொண்டு போவது தானியங்கி லாக்கில் கிடைக்காத அனுபவம். பூயி சுரங்கத்துக்கு வெளியே, அந்தக் காலத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு படகுகளை இழுத்துப்போன மின் இழுவைப் படகை, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் வடிவமைத்த கூடத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஊஷ் பள்ளத்தாக்கில் இறங்கி டிஜோன். நான்கு வழிகளிலும் பெரிய நகரமொன்று கால்வாயின் நடுவிலேயே வருவது இதில்தான். துறையிலிருந்து பழைய நகருக்கு நடந்தே போகலாம். இரண்டாவது நகர நிறுத்தம் ஒன்று வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய சாதகம். படகு தாழ்ந்ததாக இருந்து, உதவிக்கு வளர்ந்த பிள்ளைகளோ நண்பர்களோ வந்து, மே மாதத்தில் ஏரிகள் நிரம்பியிருந்தால், நானும் பர்கண்டியையே சொல்வேன்.

ஷாம்பேன் வழியைப் பற்றி நீளமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மார்ன் நதி அழகானது. எப்பெர்னே வரை திராட்சைச் சரிவுகள் கூடவே வரும். வித்ரிக்குப் பிறகு 224 கி.மீ. கால்வாயில் 114 லாக்குகள், பெரும்பாலும் கையிலுள்ள ரிமோட் கருவியை அழுத்தித் திறப்பவை. 4,820 மீட்டர் நீளமுள்ள பலேம் சுரங்கம். கடைகள் அரிதான, காடடர்ந்த நீண்ட தூரங்கள். கோடையில் நீர்ப்பூண்டு அடர்ந்து இயந்திரத்தின் குளிர்நீர் வடிகட்டியை அடைத்துக்கொள்வது இங்கே பெருந்தொல்லை. வடிகட்டியை ஒவ்வொரு மாலையும் திறந்து பார்ப்பது வழக்கமாக வேண்டும். உயரமான படகும், தனிமையில் விருப்பமும் உள்ளவருக்குப் பொருந்தும்.

நிவெர்னே கால்வாயைக் கடந்துசெல்லும் வழியாகவே எண்ணக் கூடாது. பாரிஸின் அடுப்புகளுக்கு மோர்வான் காடுகளின் விறகைக் கொண்டுவரும் எண்ணத்தோடு 1784இல் தோண்டத் தொடங்கிய கால்வாய் அது. கிளாம்சி ஊரின் தெப்பக்காரர்கள் விறகுக் கட்டைகளை மிதவையாகக் கட்டி ஆற்றோடு பாரிஸ் வரை ஓட்டிச் சென்றார்கள். சார்தியில் பதினாறு லாக்குகள் காட்டுக்குள் படியாக ஏறுகின்றன. உச்சியில் பாறையைக் குடைந்த பள்ளங்களும் மூன்று சுரங்கங்களும் பாசி படர்ந்து கிடக்கின்றன. பிரான்ஸின் மிக அழகிய கால்வாய் என்று பலர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழகை அவசரத்தோடு சேர்க்க முடியாது. படகு சிறியதாகவும் தாழ்ந்ததாகவும் இருந்து, கடலைச் சேர்வதற்குக் கெடு இல்லாதவர், ஓசேர் நகரில் ஒரு வாரமும் வழியில் மூன்று வாரமும் ஒதுக்க முடிந்தால் போகலாம்.

இந்த முடிவை அமைதியாக எடுக்க உகந்த இடம் பாரிஸ். அதனால் அங்கே எங்கே கட்டுவது என்பதும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்றாகிறது. லு ஹாவ்ர் அல்லது ஒன்ஃப்ளரிலிருந்து வருபவர்கள், பெரிய கப்பல்கள் ஓடும் கீழ்ச் செய்னில் கடல் நீர் ஏறும் ஓட்டத்தோடு கிளம்பி, இடையில் நிற்காமல், பகல் வெளிச்சத்திலேயே ரூவானை அடைந்து, பாய்மரத்தை இறக்கிவிட்டுப் பாரிஸ் வருகிறார்கள். செய்ன் நதியின் கல் கரைகளில் நேராகக் கட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம்; சுற்றுலாப் படகுகள் எழுப்பும் அலை அங்கே சிறு படகைச் சுவரில் மோதிக்கொண்டே இருக்கும். பஸ்தீல் சதுக்கத்தின் காலடியில், ஒரு லாக்குக்குள் அடங்கிய அர்செனால் துறை 1983 முதல் தனியார் படகுகளுக்கானது. 25 மீட்டர் வரை நீளமுள்ள படகுகள் தங்கலாம், கோடையில் முன்பதிவு கட்டாயம் என்றே கொள்ளவும். செந்தெனி கால்வாய் வழியாக ஏறி லா வில்லெத் குளத்தில் கட்டுவது இன்னொரு வாய்ப்பு. செந்தெனியிலிருந்து அர்செனாலுக்கு ஆற்றைச் சுற்றி வந்தால் 29 கி.மீ.; செந்தெனி, சென்மார்த்தன் கால்வாய்கள் வழியாக வந்தால் 11 கி.மீ.தான், ஆனால் 16 லாக்குகள். இதிலும் தூரமும் நேரமும் ஒன்றோடொன்று ஈடாகிவிடுகின்றன. ஈஃபெல் கோபுரத்தையும் நோத்ர்தாமையும் நம் சொந்தப் படகின் தளத்திலிருந்து பார்ப்பது வாழ்நாளில் ஒருமுறை கிடைப்பது என்பதால் ஆற்று வழியையே சொல்வேன். தீவுகளைச் சுற்றிய குறுகிய பகுதியில் ஏறும் படகுகளுக்கும் இறங்கும் படகுகளுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கி விளக்கால் முறைப்படுத்துகிறார்கள் என்பதை மட்டும் அறிந்து வர வேண்டும். ஷாம்பேன் வழியை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள் மார்ன் நதியில் உள்ள நொஜான் துறையில் தங்கி ரயிலில் நகருக்கு வந்துபோகலாம், அமைதியும் அதிகம்.

அர்செனாலில் தங்குபவர்களுக்கு இன்னொரு வசதி. பஸ்தீலில் ஐந்தாம் எண் மெட்ரோவைப் பிடித்தால் நேராகக் கார் து நோர் ரயில் நிலையம். அங்கிருந்து சில நிமிட நடையில் லா சப்பல் தமிழ்க் கடைகள். அரிசி, பருப்பு, மிளகாய்த் தூள், கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாவற்றையும் மூன்று வாரத்துக்குச் சேர்த்து அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும். கால்வாய்க் கரை ஊர்களில் நல்ல ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கிடைக்கும், புளி கிடைக்காது. சாமான்களைச் சுமந்து திரும்பும் நாளில்தான் ஏரிகளின் நிலையையும் பார்க்க வேண்டும். பிரான்ஸ் நீர்வழி நிறுவனமான வி.என்.எஃப். படகோட்டிகளுக்கு வெளியிடும் அறிவிப்புகளில் எந்தக் கால்வாயில் ஆழம் குறைக்கப்பட்டது, எங்கே கூட்டமாக விடுகிறார்கள், எது மூடப்பட்டது என்பதெல்லாம் இருக்கும். பர்கண்டியைப் பற்றி அப்படி ஓர் அறிவிப்பு மே மாதத்திலேயே தென்பட்டால், அந்த ஆண்டுக்கு அதை விட்டுவிடுவதே நல்லது. உச்சிக்கு அருகே நூறு லாக் ஏறிய பிறகு திரும்புவது என்றால் அந்த நூறையும் மறுபடி இறங்க வேண்டும்.

கிளம்பும் நாளிலும் முடிவு முற்றிலும் பூட்டப்பட்டுவிடுவதில்லை என்பது இந்தப் பயணத்தின் நல்ல அம்சம். அர்செனாலின் லாக்கை விட்டு வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் ஷரான்தோனில் மார்ன் நதி இடக்கையில் பிரிகிறது. ஷாம்பேன் வழிக்கு அங்கேயே திரும்பியாக வேண்டும். மற்ற மூன்றுக்கும் நேராக ஏறிக்கொண்டே போகலாம். இரண்டாம் நாள் மாலை சென் மாமெஸில் கட்டி, லாக் அலுவலகத்தில் கேட்டு, லுவாங்கா யோனா என்று அங்கே தீர்மானிக்கலாம். யோன் பிரியும் மோந்தரோ வரை ஏறிப்போய் மனம் மாறினாலும், சென் மாமெஸுக்குத் திரும்பி வர வேண்டிய தூரம் 14 கி.மீ.தான், அதுவும் ஆற்றோட்டத்தோடு.